கயிற்றைப் பிடித்த கால்விரல்கள்

இரண்டு கைகளும் வேலையாக இருக்கின்றன. இன்னும் இரண்டு பொருள்களைப் பிடிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கால்விரல்களால் பிடித்தார்கள்.

ராபர்ட் பெர்சிவல் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1803இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வளைகுடாவின் அந்தக் கரையில் நடந்த முத்துக்குளிப்பை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். குளியாள், அதாவது முத்துக் குளிப்பவர், கல் கட்டிய கயிற்றை வலது கால்விரல்களால் பற்றுகிறார். சிப்பி போடும் வலைப்பை இடது கால்விரல்களில் இருக்கிறது. வலது கையில் இன்னொரு கயிறு. இடது கை மூக்கைப் பொத்தியிருக்கிறது. அப்படியே கடலுக்குள் இறங்கிவிடுகிறார். தரையில் கிடக்கும் மிகச் சிறிய பொருளைக்கூட இந்தப் பக்கத்து மக்கள் காலாலேயே எடுத்துவிடுகிறார்கள் என்று பெர்சிவல் வியந்து போகிறார். சிறு வயதிலிருந்தே பூட்ஸுக்குள் இருந்த கால்களைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த வியப்பு இயல்புதான்.

தூத்துக்குடிக் குளியாட்களும் கல்லோடுதான் இறங்கினார்கள். கயிற்றில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் பாதத்தை நுழைத்துக் கல்மேல் நின்றபடி போவதும் உண்டு. கல் எதற்கு? மூச்சை இழுத்து நெஞ்சு நிறையக் காற்றை வைத்திருக்கும் உடம்பை உப்புத்தண்ணீர் மேலே தள்ளும். அதை எதிர்த்துக் கீழே நீந்தினால் உள்ளே இருக்கும் மூச்சு வழியிலேயே செலவாகிவிடும். முத்துச்சிப்பி கிடக்கும் ‘பார்’ என்ற பாறைத் திட்டுகள் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. கல் இழுத்துக்கொண்டு போனால் குளியாளுக்கு இறங்குகிற பாடு இல்லை. தரை தட்டியதும் காலை விடுவித்துக்கொள்வார். படகில் இருப்பவர்கள் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அதன்பிறகு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அதற்குள் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஆட்டிச் சைகை கொடுக்க வேண்டும்.

தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்தக் குளியாட்களிடம் இருந்த பாதம்தான் உங்களிடமும் இருக்கிறது. அதை ஒருமுறை நன்றாகப் பார்ப்போம்.

உங்கள் கையையும் பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விரல், ஐந்து விரல். விரல்களுக்குள் இருக்கும் எலும்புகள் கையில் 14, காலிலும் 14. விரல்களுக்குப் பின்னால் நீளமான எலும்புகள் கையில் 5, காலிலும் 5. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள். பாதத்தின் பின்பாதியில் 7. கூட்டிப் பாருங்கள்: கைக்கு 27, பாதத்துக்கு 26. வித்தியாசம் ஒன்றே ஒன்று! உங்கள் உடம்பில் இருக்கும் 206 எலும்புகளில் 52, அதாவது நான்கில் ஒரு பங்கு, இரண்டு பாதங்களுக்குள் இருக்கின்றன.

எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் அளவுகள் வேறு. கையில் விரல்கள் நீளம், மணிக்கட்டு எலும்புகள் கூழாங்கல் அளவு. பாதத்தில் விரல்கள் குட்டை, பின்னால் இருப்பவை பெரியவை. எல்லாவற்றிலும் பெரியது குதிகால் எலும்பு. அதன்மேல் கணுக்கால் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணுக்கால் எலும்பு எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பின் எடை முழுவதும் இதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனாலும் ஒரு தசைகூட இதில் ஒட்டியிருக்கவில்லை. எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநார்களும், சுற்றியிருக்கும் எலும்புகளின் வடிவமுமே இதை அதன் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன.

சரி, கயிற்றைப் பிடித்த விரலுக்கு வருவோம். காலின் பெருவிரலை மடக்கும் முக்கியமான தசை பாதத்தில் இல்லை. அது கெண்டைக்காலின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அங்கிருந்து கிளம்பி, கணுக்காலின் உட்புற முட்டுக்குப் பின்னால் வளைந்து, உள்ளங்கால் வழியாகப் பெருவிரலின் நுனிவரை ஓடுகிறது. கணுக்காலின் உட்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திக்கொண்டு கால்விரல்களை மடக்கி நீட்டுங்கள். தோலுக்கு அடியில் நாண்கள் நகர்வது தெரியும். இது போக உள்ளங்காலிலேயே நான்கு அடுக்குகளாகச் சின்னத் தசைகள் இருக்கின்றன. விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும் அவற்றின் வேலை. வீட்டில் ஒரு கோலிக்குண்டைத் தரையில் போட்டுக் கால்விரல்களால் எடுக்கப் பாருங்கள். முதல் நாள் வராது. சில நாள் விடாமல் முயன்றால் பலருக்கும் வந்துவிடும். பயன்படுத்தாததால் அந்தத் தசைகள் சோம்பிக் கிடந்தன, அவ்வளவுதான்.

குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் காலில் பெருவிரல் மற்ற விரல்களிலிருந்து விலகி நிற்கும். கிளையைச் சுற்றிப் பிடிக்க அது உதவுகிறது. நம்முடைய பெருவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் லேட்டோலி என்ற இடத்தில் மேரி லீக்கியின் குழு 1978இல் பழங்காலக் காலடித் தடங்களைக் கண்டுபிடித்தது. எரிமலைச் சாம்பல் ஈரமாக இருந்தபோது நடந்து போனவர்களின் தடங்கள் அவை. வயது 36 லட்சம் ஆண்டுகள். அவற்றிலேயே பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னால் பார்த்துத்தான் இருக்கிறது. பிடிக்கும் திறமையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நம் முன்னோர் நடக்கும் திறமையை வாங்கிக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சிய பிடியை வைத்துக்கொண்டே நம் குளியாட்கள் கல்லோடு கடலடிக்குப் போய்வந்தார்கள் என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

கடலடியில் குளியாள் தேடிய உயிர்களுக்கும் பாதம் உண்டு, தெரியுமா? முத்துச்சிப்பிக்கு நாக்கு வடிவத்தில் ஒரு சின்னப் பாதம் இருக்கிறது. அதிலிருந்து நூல்களைச் சுரந்து பாறையோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். சங்குக்கோ அகலமான, வலுவான பாதம். அதைக்கொண்டு மணலில் ஊர்ந்து போகும். இரண்டு பாதங்களிலும் ஓர் எலும்புகூடக் கிடையாது. தசையும் அதற்குள் இருக்கும் நீர்மமும் சேர்ந்தே எல்லா வேலையையும் முடித்துவிடுகின்றன.

இனி தூத்துக்குடியின் முத்துநகர் கடற்கரைக்கோ முயல் தீவுக்கோ போகும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அலை வந்து போன ஈர மணலில் நான்கு அடி நடந்து திரும்பிப் பாருங்கள். குதிகால் பதிந்திருக்கும். முன்பாதம் பதிந்திருக்கும். ஐந்து விரல்களும் பதிந்திருக்கும். நடுவில் உட்பக்கமாக ஓர் இடம் மட்டும் பதியாமல் இருக்கும். அங்கே உங்கள் பாதம் தரையைத் தொடவில்லை. அந்த வளைவில்தான் பாதத்தின் பெரிய ரகசியம் இருக்கிறது.

நடக்கும்போது பாதம் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. தரையில் இறங்கும்போது அது இளக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போய்விடும். ஓடும்போது பாதத்தின்மேல் விழும் விசை உடம்பின் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு. 30 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை ஓடினால் ஒவ்வோர் அடியிலும் 60 முதல் 90 கிலோ எடையை ஒற்றைப் பாதம் வாங்குகிறது! அதை முதலில் வாங்கிக்கொள்வது குதிகாலின் அடியில் இருக்கும் கொழுப்புத் திண்டு. அடுத்ததாக வளைவு கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிறது. அரை நொடிக்குள் நிலைமை தலைகீழாகிவிடும். அடுத்த அடிக்காகத் தரையை உந்த வேண்டும். இளகிய பாதத்தை வைத்துக்கொண்டு உந்த முடியாது. அப்போது பாதம் விறைக்க வேண்டும். இளகிய ஒன்று அவ்வளவு விரைவில் எப்படி விறைக்கிறது?

இதற்கு ஜே. எச். ஹிக்ஸ் என்பவர் 1954இல் ஒரு விடை சொன்னார். துறைமுகத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். கப்பலில் நங்கூரச் சங்கிலியை ஓர் உருளையில் சுற்றி இழுப்பார்கள் அல்லவா? உருளை திரும்பத் திரும்பச் சங்கிலி இறுகும். உள்ளங்காலின் அடியில், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, நார்த்தன்மையுள்ள கெட்டியான ஒரு பட்டை ஓடுகிறது. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அப்போது அந்தப் பட்டை விரல்களின் அடி எலும்பைச் சுற்றி இழுபடுகிறது. முன்பாதமும் குதிகாலும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, வளைவு உயர்கிறது, பாதம் விறைத்துக்கொள்கிறது. நேராக நின்றுகொண்டு, உங்கள் பெருவிரலை மட்டும் மேலே தூக்கிவிடும்படி தங்கையிடமோ நண்பனிடமோ சொல்லுங்கள். விரல் உயர உயர உள்ளங்கால் வளைவும் உயர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஹிக்ஸின் விடையோடு கதை முடியவில்லை. முன்னும் பின்னும் போகும் வளைவைத் தவிர, பாதத்தில் குறுக்கே போகும் வளைவு ஒன்றும் இருக்கிறது. புறங்காலின் மேல் கையை வைத்து உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் அது தெரியும். இந்தக் குறுக்கு வளைவின் முக்கியத்துவத்தை அண்மையில் எடுத்துக்காட்டியவர்களில் மதுசூதன் வெங்கடேசன், ஷ்ரேயஸ் மாண்ட்ரே, மகேஷ் பண்டி ஆகிய அறிவியலாளர்கள் முக்கியமானவர்கள். அவர்களுடைய கட்டுரை 2020இல் நேச்சர் இதழில் வந்தது. அவர்கள் சொன்னதை ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து நீங்களே சோதிக்கலாம். நோட்டின் ஒரு முனையை மட்டும் பிடித்து நீட்டுங்கள், மறுமுனை தொங்கிவிடும். இப்போது பிடித்த முனையை அகலவாக்கில் லேசாக வளைத்துப் பிடியுங்கள். நோட்டு விறைத்து நேராக நிற்கும். தாளின் தடிமன் மாறவில்லை, வளைவு மட்டும்தான் மாறியது. பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தக் குறுக்கு வளைவிலிருந்து வருகிறது என்று அவர்கள் அளந்து காட்டினார்கள்.

வளைவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தாழும்போது அதன் நார்கள் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. நிமிரும்போது அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றன. ஓடுகிறவர் ஒவ்வோர் அடியிலும் கையாளும் ஆற்றலில் சுமார் 17 சதவீதம் வளைவில் சேமிக்கப்படுகிறது என்று 1987இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

உங்கள் தடத்தில் நடுப்பகுதியும் முழுசாகப் பதிந்திருந்தால் பயப்பட வேண்டாம். கைக்குழந்தைகள் எல்லாருக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும். அவர்களுடைய பாத எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். வளைவின் உச்சியில் இருக்கும் படகு வடிவ எலும்பு மூன்று வயதை ஒட்டித்தான் கெட்டியாகத் தொடங்குகிறது. பெரியவர்களிலும் தட்டைப்பாதம் உள்ள பலர் எந்தச் சிரமமும் இல்லாமல் நடக்கிறார்கள். நுனிக்காலில் எழும்பி நின்றால் வளைவு தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால், வலியும் இல்லாவிட்டால், கவலைப்பட ஒன்றுமில்லை. வலி இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கர்நாடகத்தைச் சேர்ந்த யு. பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 பிள்ளைகளின் காலடித் தடங்களை எடுத்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது. உலகமெங்கும் மருத்துவர்கள் இன்றும் எடுத்துப் பேசும் ஆய்வு இது. மணலிலும் வீட்டுத் தரையிலும் வெறுங்காலோடு விளையாட விடுங்கள் என்று அம்மா அப்பாவிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்கும் தெருவில் செருப்பு கட்டாயம் வேண்டும். பாதுகாப்பில் சமரசம் கிடையாது. ஷூ வாங்கும்போது உள்ளே விரல்களை அசைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர்களைக் கவனித்தால் பாதத்தின் இன்னொரு திறமை தெரியும். கால்களில் தளைநார் என்ற நார் வளையத்தை மாட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கால்களும் மரத்தை இருபுறமும் அணைத்துப் பிடிக்க ஏறுவார்கள். உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி திரும்பினால்தான் இது முடியும். கணுக்கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் இருக்கும் மூட்டு அந்தத் திருப்பத்தைத் தருகிறது. தரையில் உட்கார்ந்து உள்ளங்கால்களை உட்பக்கமாகத் திருப்புங்கள், நன்றாகத் திரும்பும். வெளிப்பக்கமாகத் திருப்பினால் அவ்வளவு வராது. கால் பிசகும்போது பெரும்பாலும் உட்பக்கமாக மடங்கி, வெளிக் கணுக்காலில் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். உகாண்டாவில் தேன் எடுக்க மரமேறும் துவா மக்களை ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய புறங்கால் முழங்காலை நோக்கி நம்மால் முடியாத அளவுக்கு மடங்குவதை 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் பதிவு செய்தார்கள். கெண்டைக்கால் தசை இழைகள் அவர்களுக்கு நீளமாக இருந்தன. நம் பனையேறிகளின் கால்களையும் யாராவது இப்படி அக்கறையோடு அளந்து எழுத வேண்டும். உங்களில் ஒருவர் அதைச் செய்தால் மகிழ்வேன்.

அதே பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் நடந்தால் சீக்கிரம் களைத்துவிடும். கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் தேவைப்படுகிறது. நீங்கள் உந்தும்போது மணல் பின்னால் நழுவுகிறது. உந்தியதில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது.

பாதம் நடப்பதோடு நிற்பதில்லை, உணரவும் செய்கிறது. அழுத்தம், அதிர்வு, தோல் இழுபடுதல் ஆகியவற்றைத் தனித்தனியாக அறியும் நரம்பு முனைகள் உள்ளங்கால் தோலில் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நீங்கள் விழாமல் இருப்பதற்கு அவையும் ஒரு காரணம். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு உள்ளங்கால் காய்த்துப் போகுமே, அதனால் உணர்ச்சி குறையாதா? கென்யாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நடக்கும்போது தேவைப்படும் உணர்ச்சியைக் காய்ப்பு குறைக்கவில்லை. காய்ப்பு கெட்டியாக இருப்பதால் தரையின் அதிர்வை அப்படியே உள்ளே இருக்கும் நரம்புகளுக்குக் கடத்திவிடுகிறது.

காய்ப்பு எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திக்குள் நின்று உப்பு வாருகிறவர்களின் கால்களை நினைத்துப் பாருங்கள். கடல்நீர் 100 கிராமில் சுமார் மூன்றரை கிராம் உப்புதான். உப்பு விளையும் பாத்தியின் நீரில் அது 25 கிராமை ஒட்டி இருக்கும். அத்தனை செறிவான உப்புநீர் தோலின் ஈரத்தை உறிஞ்சும். காய்ந்த தோல் வெடிக்கும். வெடிப்பில் உப்புப் பரல் குத்தும். புண்ணில் மறுபடி உப்புநீர் படும். நம் சாப்பாட்டில் சேரும் உப்புக்குப் பின்னால் இப்படிப்பட்ட கால்கள் இருக்கின்றன. அளவு பொருந்திய, உள்ளே தண்ணீர் புகாத பூட்ஸ் உப்பளத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கிடைத்தாக வேண்டும். பொருந்தாத பூட்ஸ் கொடுத்தால் உள்ளே புகுந்த உப்பு உரசி இன்னொரு புண்ணை உண்டாக்கும்.

புண் இருந்தும் வலிக்காவிட்டால் என்ன ஆகும்? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். நோயே சதையை அரித்துவிடுகிறது என்று அப்போது நம்பினார்கள். நோய் நரம்புகளைக் கெடுக்கிறது, அதனால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் அதே இடத்தில் மேலும் மேலும் அழுத்தி நடந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டறிந்தார். மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்து கொடுத்தபோது பல பாதங்கள் காப்பாற்றப்பட்டன.

இன்று சர்க்கரை நோயால் பலருடைய பாதங்கள் அதேபோல உணர்ச்சி இழக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ சர்க்கரை இருந்தால் அவர்களுக்கு நீங்கள் ஓர் உதவி செய்யலாம். குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்ப்பது அவர்களுக்குக் கடினம்; உங்கள் கண்ணோ கூர்மையானது. இரவு படுக்கும் முன்னால் நல்ல வெளிச்சத்தில் அவர்களுடைய குதிகால், முன்பாதத்தின் அடி, விரல் இடுக்குகள் எல்லாவற்றையும் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, குத்தி நிற்கும் முள் எதைக் கண்டாலும் உடனே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். தாத்தா “எனக்கு வலிக்கவே இல்லையே” என்பார். அதனால்தான் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.